சத்தம் என்று ஒரு சொல்

அந்நியபாஷை ஜெபம் தொடங்கியதும் எப்சிபாவின் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. பாட்டுக்குக் கை வேண்டும், பிரசங்கத்துக்கு வேண்டும், செருப்புகளை வரிசையாக விடுங்கள் என்ற அறிவிப்புக்குக்கூட வேண்டும், இதற்கு மட்டும் வேண்டாம். மேடையில் பாஸ்டர் தங்கையாவின் வாயிலிருந்தும், சென்னையிலிருந்து வந்திருக்கிற பிரதர் கிளாட்சனின் வாயிலிருந்தும், பாளையங்கோட்டையில் ஒரு காலத்தில் கல்யாண மண்டபமாக இருந்த இந்தக் கூடத்தில் நிற்கிற அத்தனை பேர் வாயிலிருந்தும் கொட்டுகிற சொற்களுக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது, தெரியாததைச் சைகையில் எப்படிச் சொல்வது. அதனால் வழக்கம்போல வாயருகே விரல்களைக் குவித்து மேலே விரித்துக் காட்டினாள், கடவுளோடு பேசுகிறார்கள், எனக்கும் புரியாது, என்று. பிறகு மேடையோரம் அவளுக்கென்று போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் தடவை இந்தச் சைகையைப் பார்த்தபோது, காது கேளாத ரோசலின் சிரித்தாள். அப்படியானால் இந்த நேரத்தில் நீயும் எங்களை மாதிரிதான், என்று கைகளால் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கு ரோசலின் சிரிக்கவில்லை. முன்வரிசையில் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கூடம் முழுக்கக் கண்ணை மூடியிருக்கிறது, அவர்கள் மட்டும் மூடவில்லை, மூடினால் அவர்களுக்கு ஆராதனை நின்றுபோகும். ஆகவே அத்தனை கண்களும் எப்சிபாவின் மேல் இருக்கின்றன, அதில் ரோசலினின் கண்கள் விடாமல் கேட்கின்றன, கண்களோடு கையும் மடிக்குக் கீழே சின்னதாக அசைந்து கேட்கிறது. எல்லாரும் ஏன் எனக்குக் கை தட்டினார்கள். பிள்ளையைத் தூக்கி வந்த அந்த ஆள் ஏன் அழுகிறார். மைக்கில் நீ என்ன சொன்னாய்.

என்ன சொன்னேன். ஒரு சொல். சொல்லப்போனால் ஒரு சொல்லைச் சேர்த்தேன், ஒரு சொல்லை விட்டேன். பிரதர் கிளாட்சன் செவிடர் கேட்பார்கள் என்று அறிவித்து முன்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டியபோது யாரும் எழவில்லை, ஒரு நிமிஷம் போல யாரும் எழவில்லை, அந்த நிமிஷம்தான் தாங்க முடியாமல் இருந்தது. பாஸ்டர் தங்கையா அவளைப் பார்த்தார், அவள் ரோசலினைப் பார்த்தாள், நீ போயேன், சும்மா போய் நில், பாஸ்டருக்காக, என்று காட்டினாள். எனக்கு என்ன குறை, என்றாள் ரோசலின், மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள், பிறந்ததிலிருந்து கேட்காதவள், கேட்கவேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் எழுந்தாள், எனக்காக எழுந்தாள். பிரதர் கிளாட்சன் அவள் இரண்டு காதிலும் விரல் வைத்து ஜெபித்தார், ட்ரம்ஸ்காரருக்குக் கண் காட்டினார், பலகை மேடை அதிர்ந்தது. சத்தம் கேக்குதா மகளே, என்றார் மைக்கில். எப்சிபா அதைச் சைகையில் கேட்டாள், அதுவரை எல்லாம் சரி, அதுவரை அவள் ஒரு குழாய், ஒரு பக்கம் ஊற்றினது மறுபக்கம் வந்தது. ரோசலின் பதில் சொன்னாள், தெளிவாகத்தான் சொன்னாள், ட்ரம் தெரிகிறது, காலில். சொல்லிவிட்டுத் தரையைச் சுட்டிக்காட்டினாள், அவர் கை ரொம்ப ஈரம் என்றும் சேர்த்துச் சொன்னாள். மைக் எப்சிபாவின் வாய்க்கு நேராக வந்தது. "ட்ரம் சத்தம் தெரியுதுன்னு சொல்றாங்க." சத்தம் என்று ரோசலின் சொல்லவே இல்லை. காலில் என்று அவள் சொன்னாள். அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிப் பார்த்தாள், உள்ளே ஒட்டவில்லை, ஏனென்றால் காலில் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது அவளுக்குத் தெரியும், அதன் எடை தெரிந்தது, அதை விழுங்கியதும் தெரிந்தது, மருந்துக் குளிகையை விழுங்குகிற மாதிரி தொண்டையில் ஒரு அசைவு. அதற்குள் பிரதர் கிளாட்சன் கேக்குது கேக்குது என்று கூவிவிட்டார், கூடம் எழுந்துவிட்டது. அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம், மைக் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தது. சந்தோஷமாக இருந்ததே. அதுதான் அசிங்கம். ஒரு கணம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, தான் சொன்னதைத் தானே நம்பிவிட்ட மாதிரி.

அதோடு முடிந்திருந்தால்கூட ரோசலினிடம் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள், பிறகு சரியாகிவிடும். ஆனால் நடுவரிசையிலிருந்து அந்த மனிதர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பேர் இசக்கிமுத்து என்றார், வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர், சபைக்காரர் இல்லை, யாரோ சொல்லி வந்தவர், நெற்றியில் திருநீற்றை அழித்த தடம் இருந்தது, அழித்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று அவராகவே நினைத்திருப்பார் போல. தோளில் நாலு வயசு இருக்கும் பெண் பிள்ளை, கூடத்தின் இரைச்சலில் தலையைத் திருப்பாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் அவர் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்தாள். "ஐயா, பிள்ளைக்கு வர்ற வியாழக்கிழமை காதுல ஆபரேசன் வச்சிருக்கு பெரியாஸ்பத்திரில. தலையைத் திறந்து மெசின் வைப்பாவளாம். வயசு ஏறிட்டா பலன் கொறையும்னு டாக்டர் அவசரப்படுத்துதாரு. எங்களுக்கு நெனச்சாலே குலை நடுங்குது. இந்த அக்காவுக்குக் கேட்டமாதிரி இவளுக்கும் கேட்டுரும்லா? ஆபரேசன் வேண்டாம்லா?" பிரதர் கிளாட்சன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, உங்க விசுவாசத்தின்படியே ஆகட்டும் என்றார், பிள்ளையின் காதில் விரல் வைத்தார், பிள்ளை அழுதது. இசக்கிமுத்து திரும்பி மனைவியிடம் சொன்னது எப்சிபாவுக்குக் கேட்டது, அவளுக்குத்தான் எல்லாம் கேட்கிறதே. "போகவேண்டாம் ளா. சாமி செஞ்சிட்டாரு." உடனே அந்நியபாஷை ஜெபம் தொடங்கிவிட்டது.

தனசிங் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசிக்காமலே தெரிகிறது, அவர் குரல் காதுக்குள் ஓடுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் பைக்கில் கொண்டுவந்து இந்தக் கேட்டில் இறக்கிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் தன் வேதக்கோயிலுக்குப் பாடகர் குழுவில் பாடப் போய்விடுகிற கணவர். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும் அதே பேச்சு. "அந்த வரமெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சுபோச்சு எப்சி. சபை வேர் பிடிக்கிற வரைக்கும் தேவைப்பட்டுது, குடுத்தாரு. இப்ப நடக்கது வெறும் உணர்ச்சி." முடிந்தது என்று யார் வந்து உங்களிடம் சொன்னது, என்பாள் அவள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "சரி, முடியலன்னே வச்சுக்கோ. வியாக்கியானம் பண்ண ஆள் இல்லாட்டி சும்மா இருன்னுதானே பவுல் சொல்லியிருக்காரு. நீயே வியாக்கியானக்காரி. அர்த்தம் இல்லாததை எந்தக் கையால சொல்லுவ?"  ஒன்றை மட்டும் அவள் அவரிடம் வெகுநாள் சொல்லவில்லை. அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரம், அடுப்படியில் தனியாக நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள், அழுகை வரவில்லை, அப்பாவுக்குக் காது கேட்காது அம்மாவுக்கும் கேட்காது, அந்த வீட்டில் துக்கம் கையால்தான் பேசப்பட்டது, குரலில் எப்படி அழுவது என்று அவளுக்குப் பழக்கமில்லை. அப்போது அது வந்தது. யாரும் கை வைக்கவில்லை, ட்ரம் இல்லை, கூட்டம் இல்லை, வயிற்றிலிருந்து கிளம்பி அவளுக்குத் தெரியாத ஒரு பேச்சு வாய் நிறைய வந்தது, அரிசித் தண்ணீர் கையில் வழிய வழியப் பேசினாள், பேசி முடித்தபோது இலேசாக இருந்தது. அதை உணர்ச்சி என்று அவர் சொல்லட்டும். அது வந்தது. அவளுக்குத் தெரியும். ஆகவேதான் இப்போது இந்த முடிச்சு இப்படி இறுகுகிறது. எழுந்து போய் நான் சொன்னது பொய் என்று சொன்னால் தனசிங் ஜெயித்துவிடுவார், பார்த்தியா என்றுகூடச் சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார், அடுப்படியில் வந்ததும் சேர்ந்து பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் பாஸ்டர் ஜெயிப்பார், பொய்யின் மேல். பிள்ளையின் தலையை வைத்துக்கொண்டு நான் யார் ஜெயிப்பது என்று பார்க்கிறேனே. சீ.

பாஸ்டர் தங்கையா பாவம். அவர் முகத்தைப் பார்த்தாள், கண்ணை மூடி, கன்னத்தில் கண்ணீர், அதில் நடிப்பு இல்லை. வேறு சபைகளில் தூண் மறைவில் உட்கார்ந்து எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட காது கேளாதவர்களை முன்வரிசைக்குக் கூட்டி வந்தவர் அவர். ஸ்தோத்திரம் என்று சைகையில் சொல்லக் கற்றுக்கொண்டு தப்பாகச் சொல்வார், அவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அவர் கேட்டது ஒரு அற்புதம், ஒரே ஒன்று, அவர் ஆசையாகப் பார்த்தார், நான் கொடுத்தேன். எனக்கு இது புதிது இல்லையே. ரேஷன் கடையில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எத்தனை வயசு, பாவாடை சட்டை போட்ட வயசு. எடை போடுகிறவன் அந்தச் செவிட்டு மூதியைக் கடைசியில் நிற்கச் சொல்லு என்றான், அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், என்ன சொல்கிறார். கூட்டமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார், என்று அவள் கை சொன்னது. அப்பா அந்த மனிதனைப் பார்த்துச் சிரித்து வணக்கம் வைத்தார். அப்படி எத்தனை. ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கல்யாண வீடுகளில், இரண்டு பக்கமும் காயப்படாமல் நடுவில் நின்று சொற்களின் முள்ளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டே வளர்ந்த கை, வளர்ந்த வாய். அன்றைக்கெல்லாம் அது அன்பு. இன்றைக்கும் அதே பழக்கம்தான் காலில் என்ற முள்ளைக் கிள்ளிப் போட்டது, பாஸ்டருக்குக் குத்தக்கூடாது என்று. அப்பாவுக்கு உண்மையிலேயே தெரியாமலா இருந்தது, அந்த ஆளின் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே, தெரிந்தும் வணக்கம் வைத்தாரா. இதை ஏன் இத்தனை வருஷம் யோசிக்கவில்லை.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். மூடியதும் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. பொய் சொன்ன வாயில் வராது என்று நினைத்திருந்தாள், வராமல் போனால் தண்டனை என்று ஏற்றுக்கொண்டு அழலாம் என்றிருந்தாள், ஆனால் அது எப்போதும் போல அடிவயிற்றிலிருந்து கிளம்பி, எதுவும் நடக்காதது மாதிரி, அதே பேச்சு, நாக்கின் கீழே வந்து நின்றது. இதென்ன. இது அவரிடமிருந்து வருகிறது என்றால் இப்போது ஏன் வருகிறது. அவரிடமிருந்து இல்லை என்றால் அடுப்படியில் வந்தது எது. இல்லை, கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, நீ என்ன செய்கிறாய் பார்க்கிறேன் என்று. பற்களை இறுக்கிக்கொண்டாள். இந்த வாய் முதலில் பேச வேண்டியது தமிழ். கண்ணைத் திறந்தபோது ரோசலின் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள், கை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள், இந்தக் கூடத்தில் இப்போது என்ன சொன்னாலும் முன்வரிசையைத் தவிர யாருக்கும் தெரியாது. எப்சிபாவின் கைகள் மடியைவிட்டு எழுந்தன. உனக்குக் கேட்டதாகச் சொல்லிவிட்டேன்.

ரோசலின் புரியாமல் புருவத்தைச் சுருக்கினாள். எனக்கா. ஆமாம். நான் காலில் என்றுதானே சொன்னேன். ஆமாம். ரோசலினின் முகம் மெல்ல மாறியது, கோபம் என்று சொல்ல முடியாது, ஜாக்கெட் துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாளே அந்த முகம். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள், வரிசை முழுக்கக் கைகள் அசைந்து நின்றன. அந்த ஆள், என்று எப்சிபா காட்டினாள், நான் சொன்னதை நம்பிப் பிள்ளைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். ரோசலின் திரும்பி இசக்கிமுத்துவையும் பிள்ளையையும் பார்த்தாள். பிறகு எப்சிபாவிடம், ஆபரேஷன் பண்ணுவதும் பண்ணாததும் அவர்கள் யோசித்து முடிவு பண்ணட்டும், என் பேரில் முடிவு பண்ணக்கூடாது, போய்ச் சொல், என்றாள். நான் எப்படி, என்று எப்சிபாவின் கை பாதியில் நின்றது. என் வாய் நீதானே, என்றாள் ரோசலின், கையைக் கட்டிக்கொண்டாள். கையைக் கட்டினால் அதற்குமேல் பேச்சு இல்லை.

இசக்கிமுத்து மற்றவர்களைப் போலக் கண்ணை மூடி ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றார், என்ன சொல்வது என்று தெரியாமல் உதடு மட்டும் அசைந்தது, இன்னொரு கையில் பிள்ளை தூங்கிப்போயிருந்தது. எப்சிபா பக்கத்தில் போய் அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணாச்சி, நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த அக்காவுக்குக் கேக்கல. நீங்க ஆபரேசனுக்குப் போங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா சொல்லுதீங்க?"

"கேக்கல. தரை அதிர்றது கால்ல தெரிஞ்சுதுன்னுதான் சொன்னாங்க. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

"மைக்குல நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான்."

"அத்தன பேருக்கு முன்னால சொன்னத விட்டுட்டு, இப்ப ரகசியமாச் சொல்லுதத எப்படிம்மா நம்ப?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அவர் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க விசுவாசத்தச் சோதிக்கீங்களா?"

 சரியாகத்தான் கேட்கிறார். மைக்கில் சொன்னது உண்மை, காதில் சொன்னது சந்தேகம், உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். மேடைக்கு ஏறுகிற படி தெரிந்தது, மைக் பாஸ்டரின் நாற்காலியில் கிடந்தது, அதன் சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது ஏறினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும், முன்வரிசை போய்விடும், பாஸ்டர் இனி முகத்தைப் பார்க்கமாட்டார், தெருவில் சபைப் பெண்கள் ஒதுங்கிப் போவார்கள், தனசிங் தலையை ஆட்டுவார், அடுப்படியில் வந்தது என்ன ஆகும் தெரியவில்லை, அதுவும் போகட்டும், போனால் போகட்டும், இல்லை போகவேண்டாம், கர்த்தாவே அது மட்டும் போகவேண்டாம். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் படியில் இருந்தது. மைக் கையில் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கையில் மைக்கைப் பிடித்தால் சைகைக்கு ஒரு கைதான் மிஞ்சும், ஒற்றைக் கையால் முடிந்தவரை முன்வரிசைக்கும் காட்டிக்கொண்டே பேசினாள்.

"ரோசலின் சொன்னத நான் சரியாச் சொல்லல. ட்ரம் கால்ல தெரியுதுன்னு சொன்னாங்க. சத்தம்ங்கிற வார்த்தைய நான் சேத்தேன். காலுங்கிற வார்த்தைய விட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அவங்களுக்குக் காது கேக்கல."

அந்நியபாஷை உடனே நிற்கவில்லை, முன்பக்கம் ஓய்ந்தது, பிறகு நடுவில், கடைசி வரிசையில் ஒரு பெண்ணின் குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் ஓடி அதுவும் ஓய்ந்தது. மின்விசிறிகளின் ஓசை கேட்டது. ரோசலின் எழுந்து நின்று, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, தன் காதைத் தொட்டு இல்லை என்று கையை ஆட்டினாள், அதற்கு வியாக்கியானம் தேவைப்படவில்லை. பிரதர் கிளாட்சன் எப்சிபாவின் பக்கம் வந்தார், பாஸ்டர் தங்கையா அவருக்கு முந்தி வந்து மைக்கை அவள் கையிலிருந்து வாங்கினார். பறிக்கவில்லை, வாங்கினார்.   பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்து, "தம்பி, கர்த்தர் சுகமாக்குறாரு, அதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனா இன்னைக்கு நடந்தத வச்சு நீங்க ஆபரேசன நிறுத்தக்கூடாது. வியாழக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வாறேன், அங்க உக்காந்து ஜெபிக்கேன்" என்றார். இசக்கிமுத்து பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். அவர் மனைவிதான் பேசினாள். "காலைல வெள்ளனயே வந்து சேரணும்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காவ." சொல்லிவிட்டு மேடையில் நிற்கிற எப்சிபாவை ஒரு தடவை பார்த்தாள், அந்தப் பார்வையில் நன்றி இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"நீ கீழ போம்மா," என்றார் பாஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் இறங்கி முன்வரிசைக்கு எதிரே, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். போவதா இருப்பதா தெரியவில்லை, வாசல் வரைக்கும் எத்தனை முகங்கள். பிரதர் கிளாட்சன் வேறொரு மைக்கை எடுத்துக்கொண்டார். பேசத் தொடங்கினார், சாந்தமாகத்தான் தொடங்கினார், போகப் போகக் குரல் ஏறியது. முன்வரிசையில் ரோசலின் கட்டிய கையை அவிழ்த்தாள். அவர் என்ன சொல்கிறார், என்று கேட்டாள். என்னைப் பற்றி, என்றாள் எப்சிபா. உன்னைப் பற்றி என்றால், என்னவென்று சொல், என்றது ரோசலினின் கை. எப்சிபா நிமிர்ந்து நின்றாள். இந்தச் சபைக்குள்ளே ஒரு அவிசுவாசம் புகுந்திருக்கிறது என்கிறார், என்று கைகள் சொல்லின. ஒரு பெண்ணின் வாய் வழியாகச் சத்துரு இன்றைக்கு ஆசீர்வாதத்தைத் திருடிவிட்டான் என்கிறார். பொய் நாவைக் கர்த்தர் வெறுக்கிறார் என்கிறார், இவளுக்காக நாம் பரிதாபப்படவேண்டும் என்கிறார், இவள் கையால் இனி வசனத்தை வாங்காதிருங்கள் என்கிறார். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை, குத்துகிற இடத்தில் கை தானாகவே மழுங்கப் பார்த்தது, திரும்ப அதே இடத்துக்குப் போய் முழுதாகச் சொன்னாள். கண்ணீர் வழிந்தது, துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் வேலையில் இருந்தன. ரோசலின் உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அசைத்தாள். மெதுவாக, என்றாள், வேகமாகப் போகிறாய், தொடரமுடியவில்லை. எப்சிபா வேகத்தைக் குறைத்தாள்.